ஓடுற மெஷினைத் தொடாதே என்பது அறிவுரையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய் நின்று "பயாஸ் அப்டேட் பண்ணணுமா தம்பி?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் "ஓடுற மெஷினைத் தொடாதீங்க சார்" என்பார். இன்னொருவர் "வச்சிட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்பார். இரண்டு பதிலையும் நான் ஏற்கமாட்டேன். இரண்டுமே காரணம் சொல்வதில்லை. காரணம் சொல்லாமல் விடை மட்டும் எழுதினால் நான் என்றைக்காவது மார்க் போட்டிருக்கிறேனா?

பயாஸ் என்பது மதர்போர்டில் ஒரு சின்னச் சிப்பில் இருக்கும் புரோகிராம். பவர் பட்டனை அழுத்தியதும் விண்டோஸுக்கு முன்னால் கண் விழிப்பது அதுதான். புராசசர், மெமரி, டிஸ்க் எல்லாவற்றையும் எழுப்பிவிட்டுப் பொறுப்பை விண்டோஸிடம் கொடுக்கும். விண்டோஸ் கெட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். பயாஸை எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் திரையே வராமல் போகலாம். ஆகவே பயம் நியாயமானது. 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் என்ற வைரஸ் பல நாடுகளில் பயாஸ் சிப்பில் குப்பையை எழுதிக் கணினிகளை முடக்கியது. அந்தக் காலத்துப் பயம் இன்னும் கடைகளில் உலவுகிறது.

ஆனால் தொடாமல் இருப்பதும் ஆபத்தாகலாம். இன்டெல் நிறுவனத்தின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் பலவற்றில், சிப் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே கெடுத்துக்கொண்டது. 2024 ஆகஸ்டில் இன்டெல் அதற்குத் திருத்தம் கொடுத்தது. மதர்போர்டு கம்பெனிகள் அதைப் பயாஸ் அப்டேட்டாக வெளியிட்டன. அந்தத் திருத்தம் இனி வரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே கெட்ட சிப்பைச் சரிசெய்யாது. "நல்லாத்தானே ஓடுது" என்று தள்ளிப்போட்டவருக்கு யார் பதில் சொல்வது?

இன்னொன்று. கணினி எழும்போது போலிப் புரோகிராம் நுழையாமல் காக்கும் செக்யூர் பூட்டுக்கு மைக்ரோசாஃப்ட் 2011இல் கொடுத்த சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூன் முதல் முடியத் தொடங்குகிறது. புதியவை பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் வழியாகவே வரும். சில கணினிகளுக்குப் பயாஸ் அப்டேட்டும் தேவைப்படும்.

அதற்காகக் கண்ணில் பட்டதையெல்லாம் போடச் சொல்லவில்லை. "பயாஸ் மாத்தினா ஸ்பீடு கூடும்" என்று யூடியூபில் சொல்கிறவரை நம்பாதீர்கள். கம்பெனி இணையதளத்தில் ஒவ்வொரு பயாஸுக்கும் பக்கத்தில் குறிப்பு இருக்கும். பாதுகாப்புத் திருத்தமா, உங்களுக்கு இருக்கும் கோளாறா, புதிதாகப் போடும் புராசசருக்கு அவசியமா? ஆம் என்றால் செய்யுங்கள். ஒன்றும் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கடையில் கொடுத்தால் கவலை இல்லை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திருமங்கலம் பக்கம் எங்கள் உறவில் ஒரு பெண், பொறியியல் கடைசி வருடம். லேப்டாப்பை ஒரு கடையில் கொடுத்தாள். பயாஸை மாற்றிவிட்டார்கள். அடுத்து நீலத் திரை வந்து 48 இலக்க பிட்லாக்கர் சாவியைக் கேட்டது. "வேற வழியில்லம்மா" என்று ஃபார்மேட் அடித்துக் கொடுத்தார்கள். நான்கு மாத புராஜெக்ட் போயிற்று. அந்தச் சாவி அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருந்தது. கேட்க வேண்டும் என்று கடைக்காரருக்குத் தோன்றவில்லை. அப்படி ஒன்று இருப்பதே பிள்ளைக்குத் தெரியவில்லை.

ஆகவே நீங்களே செய்யுங்கள், இந்த வரிசையில்:

1. விண்டோஸில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து மாடல் பெயரையும் இப்போதைய பயாஸ் எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். டெஸ்க்டாப் என்றால் மதர்போர்டு மாடல், ரிவிஷன் எண் உட்பட.

2. கம்பெனியின் சொந்த இணையதளத்தில் அதே மாடலுக்கான ஃபைலை மட்டும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வருவது, "கிட்டத்தட்ட அதே மாடல்" இரண்டும் வேண்டாம்.

3. முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதிவைத்து, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள்.

4. பயாஸ் செட்டிங் பக்கங்களை செல்போனில் படம் எடுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு அவை பழைய நிலைக்குத் திரும்பக்கூடும்.

5. லேப்டாப்பில் பேட்டரியும் நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும். டெஸ்க்டாப்புக்கு நல்ல யு.பி.எஸ். அவசியம். வீட்டு இன்வெர்ட்டர் மாறும் நொடியில் டெஸ்க்டாப் அணைந்து எழுவதைப் பார்த்திருப்பீர்கள்.

6. மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளைப் பேப்பரில் பாருங்கள். அன்றைக்கும் கோடை இடிமழை மாலையிலும் வேண்டாம்.

7. லேப்டாப் என்றால் கம்பெனி சொல்லும் முறையில் செய்யுங்கள். டெஸ்க்டாப் என்றால் ஃபைலை ஃபேட்32 பென்டிரைவில் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் அப்டேட் வசதி வழியாகச் செய்வது நல்லது. நடுவில் திரை கறுக்கலாம், இரண்டு மூன்று முறை ரீஸ்டார்ட் ஆகலாம். பதறிப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள்.

இதில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியாதது எது? சோதனைக்கூடத்தில் அமிலத்தைத் தொடும் முன் லேபிளைப் படிக்கச் சொன்னேனே, அதே ஒழுங்குதான்.

நம் அரசு 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் வாங்கிக் கொடுத்த லேப்டாப், பெற்றோர் கணினியைப் பார்த்தேயிராத வீடுகளுக்கும் போனது. பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் கூடவே தமிழில் நான்கு பக்கப் பராமரிப்புக் கையேடு பிள்ளைகள் கையில் வந்ததா? கம்பெனிகளோ குறிப்பில் "நிலைத்தன்மை மேம்பட்டது" என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி எழுதிவிட்டுப் போகின்றன. எந்தக் கோளாறு, யாருக்கு, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டாமா? காசு கொடுத்து வாங்கியவருக்கு அதைக் கேட்க உரிமை உண்டு.

இந்தத் துறையில் வேலை பார்க்கும் என் மாணவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் எத்தனையோ பேர். அடுத்த முறை ஊருக்கு வரும்போது அப்பா அம்மா வீட்டுக் கணினியில் அந்தச் சாவியை எடுத்து ரேஷன் கார்டு இருக்கும் பையிலேயே எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். கால் மணி நேரம் ஆகுமா?

சந்தேகம் இருந்தால் மாடல் பெயரோடு எழுதுங்கள். சாவியை மட்டும் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார்