கட்டியவர் பெயர் எங்கே?

கொழும்பு தேசிய நூதனசாலையைச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். முன்றலில் ஆளுநர் கிரகறியின் சிலை நிற்கிறது. கட்டடத்தை வரைந்தவர் ஸ்மிதர். கட்டி எழுப்பியவரோ வாப்பிச்சி மரைக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தக்காரர். 1877 ஜனவரி 1 திறப்பு விழாவில், என்ன வெகுமதி வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடுங்கள் என்று மட்டும் கேட்டாராம். அவருடைய பேரன் சேர் ராசிக் பரீத், 1946இல் பம்பலப்பிட்டியில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவாக முன்னின்றார். கட்டடம் கட்டிய குடும்பம் கல்விக்கும் இடம் கொடுத்தது.

அந்தப் பெயர் நிலைத்தது, சொல்ல ஆட்கள் இருந்ததால். நமக்கோ 1990 ஒக்டோபர் 30 வந்தது. இரண்டு மணித்தியாலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறியவர்கள் கணக்குக் கொப்பிகளையா தூக்கிச் செல்வார்கள்? மீண்டும் வந்தபோது சோனகத் தெருவில் எங்கள் வீட்டின் அத்திவாரம்தான் மிச்சம். "இதைக் கட்டியது யார்?" என்று உம்மும்மாவிடம் கேட்டேன். "மேசன் காக்கா" என்றார். சொந்தப் பெயர் நினைவில்லை.

கூலி வாங்கியவருக்குப் பெயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நாம் இங்கே வாழ்ந்தோம் என்பதற்கு அவருடைய கைதான் சாட்சி. உறுதிப் பத்திரத்தில் உரிமையாளரின் பெயர் இருக்கும். உழைத்தவரின் பெயர் இராது.

பெற்றோரே, இன்று வீடுகளை மீளக் கட்டுகிறீர்கள். சீமெந்துக் கணக்கு எழுதும் கொப்பியில் மேசனின் முழுப் பெயரையும் எழுதி வையுங்கள். தோழியரே, மூத்தவர்களிடம் இன்றிரவே கேளுங்கள். எனக்குக் கேட்கப் பிந்திவிட்டது.