வானமும் குத்தகைக்கு

2025 அக்டோபர் 8 அன்று தில்லி துவாரகாவின் யசோபூமி அரங்கில் இந்திய மொபைல் மாநாட்டைத் தொடங்கிவைத்த பிரதமர், ஒரு ஜிபி தரவின் விலை ஒரு கோப்பைத் தேநீரின் விலையை விடக் குறைந்துவிட்டது என்று பெருமிதம் கொண்டார். செயற்கைக்கோள் தொடர்புக்கென அங்கே தனி அமர்வும் நடந்தது. மலைகளிலும் தீவுகளிலும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இணையம் எட்ட வேண்டுமானால் எலான் மஸ்க்கின் ஸ்டார்லிங்க் வந்தே தீர வேண்டும் என்ற பேச்சு பரப்பப்படுகிறது. இந்த நாட்டுக்கு வானம் என ஒன்று இருப்பதையே மஸ்க்தான் கண்டுபிடித்துச் சொன்னதுபோல!

2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது சொந்த ஜிஎஸ்எல்வி ராக்கெட்டில் எஜுசாட் ஏவப்பட்டது. கல்விக்கென்றே இந்தியா செலுத்திய முதல் செயற்கைக்கோள் அது. 2010 செப்டம்பரில் அதன் பணி முடிந்தது. அதன் இடத்தில் கல்விக்கென்று மட்டும் இன்னொன்று அனுப்பப்படவில்லை. அன்று ஆட்சியிலிருந்த காங்கிரசுக்கும் இதில் பங்குண்டு. பாஜக ஆட்சியிலோ, 2022 ஜூனில் பொதுத்துறையின் நியூஸ்பேஸ் இந்தியா அனுப்பிய ஜிசாட்-24இன் முழுத் திறனும் டாடா பிளே நிறுவனத்துக்குக் குத்தகைக்குப் போனது. வீட்டுக் கூரைகளில் தொலைக்காட்சி ஒளிபரப்ப வானத்தில் இடம் இருக்கிறது. மாணவர்களுக்கு மட்டும் இல்லையாம்.

செயற்கைக்கோளை நாம் எதிர்க்கவில்லை. கண்ணாடி இழைக் கம்பி ஏற முடியாத லடாக்கிலும் அருணாச்சலத்திலும் அது தேவை. ஆனால் கம்பி போகக்கூடிய இடத்துக்குக் கம்பியே சிறந்தது என்பதற்கு அந்தமானே சாட்சி. புதுவைப் பல்கலைக்கழகத்தின் மையம் இயங்கும் போர்ட் பிளேர், செயற்கைக்கோளின் குறுகிய அலைவரிசையை நம்பியே நெடுங்காலம் கிடந்தது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடிக் கம்பி பதித்து அந்நிலையை மாற்றியது பிஎஸ்என்எல். செலவான 1,224 கோடி ரூபாயும் பொதுநிதி. 2020 ஆகஸ்டில் அதைத் திறந்துவைத்தவரும் இதே பிரதமர்தான்.

அலைக்கற்றைக்கு வருவோம். 2012இல் 122 உரிமங்களை ரத்து செய்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி ஊர் ஊராக முழங்கியது பாஜக. அதே கட்சியின் அரசு, 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் வழியாகச் செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலமின்றி ஒதுக்க வழிசெய்தது. ஏலம் வேண்டும் என்று வாதாடிய அம்பானியின் ஜியோ, 2025 மார்ச்சில், ஏர்டெல் ஒப்பந்தம் போட்ட மறுநாளே ஸ்பேஸ்எக்சுடன் கைகோத்துக்கொண்டது. போட்டி என்பது பங்கு பிரியும்வரைதான்.

விலை ஒருபுறம் இருக்கட்டும். விசை யார் கையில்? கிரிமியா அருகே ஸ்டார்லிங்க் சேவையை இயக்குமாறு உக்ரைன் கேட்டபோது மறுத்துவிட்டதாக மஸ்க் 2023இல் தாமே ஒப்புக்கொண்டார். போரில் யார் பக்கம் சரி என்பது வேறு விவாதம். ஒரு முதலாளியின் விருப்பத்துக்கு ஒரு நாட்டின் தொடர்பு கட்டுப்படுமானால், லேயிலோ இட்டாநகரிலோ உள்ள ஆய்வு மாணவர் யாரிடம் முறையிடுவார்?

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதம், தொலைதூர மக்களின் பெயரால், இன்று டிஜிட்டல் பாரத் நிதி எனப்படும் கணக்கில் சேர்கிறது. அது நம் கட்டணத்திலிருந்து போகும் பணம். அதைக் கொண்டு பிஎஸ்என்எல்லின் கம்பியை நீட்டவும், எஜுசாட்டின் இடத்தில் இன்னொன்றை அனுப்பும்படி இஸ்ரோவைப் பணிக்கவும் ஒன்றிய அரசை எது தடுக்கிறது?