புரியாத கவிதை

"பாழ்நிலம்" என்று ஒரு ஆங்கிலக் கவிதை. எழுதியவர் டி.எஸ். எலியட். 1922-ம் ஆண்டு வெளிவந்தது.

படித்தவர்கள் முதலில் சொல்வது, "ஒன்றும் புரியவில்லை" என்பதுதான். நாமும் அதையேதான் சொன்னோம். புத்தகத்தை மூடியும் வைத்துவிட்டோம்!

ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். பாதியில் வேறொருவர் பேசத் தொடங்கிவிடுவார். யார் பேசுவது என்று கவிஞர் சொல்வதில்லை. நடுவே ஜெர்மன் வரும், பிரெஞ்சு வரும், கடைசியில் நம் உபநிடதமும் வந்துவிடும். புத்தகமாக வந்தபோது எலியட் தாமே குறிப்புகள் எழுதிச் சேர்த்தார். அந்தக் குறிப்புகளுக்கே இன்னொரு குறிப்பு வேண்டும்! பக்கங்களை நிரப்புவதற்காகவே அவற்றை நீட்டியதாக 1956-ல் அவரே ஒப்புக்கொண்டார்.

பிறகு ஒரு நாள் மறுபடி எடுத்தோம். இந்தத் தடவை அகராதியை ஒதுக்கி வைத்தோம்.

இரண்டாம் பகுதியில் ஒரு மதுக்கடை. இரவு நேரம். ஒரு பெண் தன் தோழி லில்லைப் பற்றிப் பேசுகிறாள். லில்லின் கணவன் ஆல்பர்ட் பட்டாளத்துக்காரன். நான்கு வருஷம் கழித்து வீடு திரும்பப் போகிறான். பல் கட்டிக்கொள்ளும்படி அவளிடம் பணம் கொடுத்திருந்தான். அவள் கட்டிக்கொள்ளவில்லை. வயது என்னவோ 31 தான். பார்த்தால் கிழவி! ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். ஒரு பிரசவத்தில் செத்துப் பிழைத்தவள். அடுத்த கருவைக் கலைக்க மாத்திரை தின்றாள், உடம்பு கெட்டது. நீ இப்படியே இருந்தால் அவன் வேறொருத்தியைத் தேடிக்கொள்வான் என்று தோழி மிரட்டுகிறாள்.

இதில் புரியாதது என்ன இருக்கிறது? எந்தத் தெருக் குழாயடியிலும் கேட்கிற பேச்சுதானே!

1914 முதல் 1918 வரை நடந்த யுத்தத்தில் பிரிட்டன் ஜெயித்தது. ஆனால் 7 லட்சத்துக்கு மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் திரும்பவில்லை. எலியட்டின் பிரெஞ்சு நண்பர் ஒருவரும் 1915-ல் போர்முனையில் மாண்டார். எலியட் லண்டனில் ஒரு பாங்கியில் வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். 1921-ல் மனம் தளர்ந்து, மூன்று மாதம் லீவு எடுத்தார். லண்டன் பாலத்தின் மேல் ஆபீசுக்குப் போகும் கூட்டம், அவர் கண்ணுக்குச் செத்தவர்களின் ஊர்வலமாகத் தெரிந்தது.

ஜெயித்த தேசம் தளபதிகளுக்குச் சிலை வைத்தது. லில்லுக்கு யார் வைப்பார்கள்?

எல்லா வரிகளும் நல்ல வரிகள் என்று நாம் சொல்லமாட்டோம். சில இடங்களில் படிப்பைக் காட்டிக்கொள்வது போலத்தான் இருக்கிறது. நண்பர் எஸ்ரா பவுண்டு கையெழுத்துப் பிரதியில் பெரும் பகுதியை வெட்டி எறிந்தாராம். இன்னும் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்! ஆனால் அந்த மதுக்கடையில் ஒரு எழுத்தைக்கூடத் தொடக்கூடாது.

ஆல்பர்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சேருகிறான். வீட்டில் சூடான இறைச்சி விருந்து. தோழியையும் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவள் சொல்வதற்குள், கடையை மூட வேண்டும் என்று கடைக்காரர் அவசரப்படுத்துகிறார். எல்லோரும் விடைபெற்றுக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள்.