ராத்திரி வேர்வைக்கு "பொறுத்துக்கோ" மருந்து இல்ல

1/
"டாக்டரே, ராத்திரி ரெண்டு மணிக்கு நைட்டியைப் பிழிஞ்சா தண்ணி சொட்டுது. நாலு மணிக்கு எந்திச்சு மீன் எடுக்கப் போணும். நான் எப்பதான் உறங்க?"

கடியப்பட்டணத்துல மீன் விக்கிற ஒரு அக்கா கேட்டது. வயசு 48. மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் தாண்டியாச்சு. ஏற்கெனவே மூணு இடத்துல காட்டியிருக்காங்க. முதல் இடத்துல சத்து மாத்திரை. ரெண்டாவது இடத்துல தூக்க மாத்திரை. மூணாவது இடத்துல, "இந்த வயசுல இப்படித்தான்மா, பொறுத்துக்கோங்க."

அந்த மூணாவது மருந்தைப் பத்தித்தான் இந்தத் த்ரெட்.

2/
முதல்ல, இது மனப்பிரமை இல்ல. நம்ம மூளையில ஹைப்போதலாமஸ்னு ஒரு பகுதி உடம்புச் சூட்டைக் கண்காணிக்குது. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அதோட கணக்கு தப்பிப் போகுது. துளி சூடு ஏறினாலும் "உடம்பு கொதிக்குது"ன்னு நினைச்சு ரத்தக்குழாய்களை விரிச்சு வேர்வையைக் கொட்ட வைக்கும். அடுத்த அஞ்சு நிமிஷத்துல குளிரும். கடல்காத்து வீசுற வீட்லயும் இது வரும்.

3/
"கொஞ்ச நாள்தான், தானா போயிடும்" என்பார்கள். எத்தனை நாள்? அமெரிக்காவில் பெண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்த ஸ்வான் ஆய்வில், அடிக்கடி இப்படி வந்தவர்களுக்கு அது நீடித்த காலம் சுமார் 7 வருஷம். ஏழு வருஷம் தூக்கம் கெட்டா எந்த ஆம்பிளையாவது "பொறுத்துக்கிறேன்"னு சும்மா இருப்பாரா?

4/
இதுக்கு மருந்து இருக்கு. ஹார்மோன் சிகிச்சை. இந்தச் சூட்டு அலைகளை ஏறக்குறைய முக்கால்வாசி குறைக்கும். இதைவிட நல்லா வேலை செய்ற மருந்து இன்னிக்கு வரைக்கும் இல்ல.

அப்புறம் ஏன் எழுதித் தர்றதில்ல? பயம். அந்தப் பயத்துக்கு ஒரு பிறந்த தேதி உண்டு: 2002 ஜூலை.

5/
அமெரிக்காவில் நடந்த டபிள்யூ.ஹெச்.ஐ. ஆய்வை அப்போ பாதியில் நிறுத்தினாங்க. "மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடுது"ன்னு தலைப்புச் செய்தி. உண்மைக் கணக்கு என்ன? ஒரு வருஷத்தில் 10,000 பெண்களில் 30 பேருக்கு வரும் நோய் 38 பேருக்கு வந்தது. கூடுதல் 8 பேர். அந்த எட்டைச் சின்னதுன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா "ஹார்மோன் போட்டா கேன்சர்" என்பது அந்தக் கணக்கு இல்ல.

6/
இன்னொண்ணு. அந்த ஆய்வில் இருந்தவங்க சராசரி வயசு 63. நம்ம ஊர்ப் பெண்களுக்கு மாதவிலக்கு நிக்கிறதே 46, 47 வயசு வாக்கில். 63 வயசுக்காரங்க கணக்கை 48 வயசு அக்கா தலையில கட்டுனது என்ன நியாயம்?

60 வயசுக்குள்ள, மாதவிலக்கு நின்னு 10 வருஷத்துக்குள்ள இருக்கிற ஆரோக்கியமான பெண்களில் பெரும்பாலானோருக்கு, தொல்லை அதிகமா இருந்தா, நன்மைதான் கூடுதல். 2025 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ.வும் இந்த மருந்துகளின் பெட்டியில் இருந்த கறுப்புக் கட்ட எச்சரிக்கையில் பெரும்பகுதியை எடுக்கப்போறதா அறிவிச்சாச்சு.

7/
எனக்கு நெஞ்சு எரியற இடம் இதுதான். நாப்பது வயசுகூட ஆகாத பொண்ணுக்குக் கருப்பையோட ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டு, ஒரு வார்த்தை விளக்காம வீட்டுக்கு அனுப்புறாங்க. அன்னைக்கே ஈஸ்ட்ரோஜன் அடியோட விழுது. வேர்வை மட்டுமில்ல, எலும்பும் இதயமும் சேர்ந்து அடிவாங்கும். தடை எதுவும் இல்லேன்னா இவங்களுக்குச் சாதாரணமா மாதவிலக்கு நிக்கிற வயசு வரைக்காவது ஹார்மோன் கொடுக்கணும். ஆபரேஷன் செய்யத் தெரிஞ்சவங்களுக்கு இதைச் சொல்லத் தெரியாதா?

8/
எல்லாருக்கும் ஆகுமா? ஆகாது. மார்பகப் புற்றுநோய் வந்தவங்க, ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு வந்தவங்க, கல்லீரல் நோய் முத்தினவங்க, காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவங்களுக்கு இது வேண்டாம். அவங்களுக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போல ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கு.

கருப்பை இருக்கிறவங்க ஈஸ்ட்ரோஜனைத் தனியா எடுக்கவே கூடாது. கருப்பைப் புற்றுநோய் வரலாம். கூடவே புரோஜெஸ்டிரோன் வேணும். ரத்தக்கட்டு பயம் இருந்தா மாத்திரையைவிடத் தோலில் தடவுற ஜெல் நல்லது. அதனால மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்காதீங்க.

9/
ராத்திரி வேர்வை எல்லாமே இதுவும் இல்ல. கூட ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், காய்ச்சல், எடை குறையுதுன்னா முதல்ல சளிப் பரிசோதனை. நம்ம நாட்டுல டி.பி.யை மறக்கக் கூடாது. தைராய்டு பாக்கணும். சுகர் மருந்தோ இன்சுலினோ எடுக்கிறவங்க ராத்திரி சுகர் இறங்குதான்னும் பாக்கணும்.

10/
அக்காமாரே, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது இதைக் கேளுங்க: "எனக்கு ஹார்மோன் சிகிச்சை ஆகுமா? ஆகாதுன்னா என்ன காரணம்?" காரணம் சொன்னா ஏத்துக்கோங்க. "பயமா இருக்கு"ன்னு மட்டும் சொன்னா வேற டாக்டரைப் பாருங்க. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ்ல மகளிர் ஓ.பி. இருக்கு.

அண்ணன்மாரே, ராத்திரி அவங்க எந்திச்சு உக்காந்தா "ஃபேனைக் கூட்டு"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுக்காதீங்க. மறுநாள் கூட்டிட்டுப் போங்க.

அந்த அக்காவுக்குப் பிரஷர், மார்பகப் பரிசோதனை எல்லாம் பார்த்துட்டு ஜெல்லும் மாத்திரையும் எழுதினேன். ரெண்டு மாசம் கழிச்சு வந்து, "டாக்டரே, நேத்து அலாரம் அடிச்சப்பதான் முழிச்சேன்"னாங்க.

அவ்வளவுதான் கேட்டாங்க. அதைக் கொடுக்க மூணு இடம் தாண்டி வர வேண்டியிருந்தது.