சிகாகோவில் செத்த காலேஜ்

பழைய மெட்ராஸ்காரர்களுக்கு எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்', மிருகக்காட்சி சாலை 'உயிர் காலேஜ்'. இந்த இரண்டு காலேஜிலும் நான் பாஸ் பண்ணியிருக்கிறேன். மற்ற காலேஜ் பற்றி இங்கே பேச்சு வேண்டாம்.

இரண்டு வாரம் லீவு போட்டு, சிகாகோ பக்கம் நேபர்வில்லில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். டிக்கெட் அக்கா உபயம். ஆறு மாதம் முன்பே எடுத்து அனுப்பிவிட்டாள். போய் இறங்கியதும் அக்காவின் எட்டு வயதுப் பையன் ஒரு பேப்பரை நீட்டினான். 'மாமாவுக்குக் காட்ட வேண்டியவை' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. கீழே நாலு ஐட்டம். மூன்று செத்தது, ஒன்று உயிர்.

"அத்தான், உங்களுக்கு ஆபீஸ் இருக்குமே?"

"லீவு மாப்ளே. உனக்காகத்தான்" என்றார். நெகிழ்ந்து போனேன். எங்கள் ஆபீசில் மாமனார் காரியத்துக்கே அரை நாள்தான் தருவார்கள்.

முதல் நாள் ரயிலில் போய், ஆர்ட் இன்ஸ்டிடியூட். வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் 1894 முதல் காவல் இருக்கின்றன. அதற்கு முந்தின வருஷம், 1893 செப்டம்பர் 11-ம் தேதி, விவேகானந்தர் சர்வமத சபையில் பேசியது இந்தக் கட்டடத்தில்தான். அவரைக் கப்பலேற்ற சென்னையில் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள் என்கிற பள்ளிக்கூட வாத்தியார். வெளியே ரோட்டுக்கு விவேகானந்தர் பெயரில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அளசிங்கருக்கு ஒரு சந்தாவது கொடுத்திருக்கலாம்.

14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இங்கே டிக்கெட் கிடையாது. பையன் இலவசமாக ஓட, நான் காசு கொடுத்து அவன் பின்னால் ஓடினேன். டாலரை ரூபாயாக்கிப் பார்க்கும் வியாதி எனக்கு உண்டு. அன்றைக்கு ஜுரம் கொஞ்சம் அதிகம்.

ஒரு ஹாலில் அத்தான் சட்டென்று நின்றார். கருங்கல் புத்தர். தியானத்தில் உட்கார்ந்திருக்கிறார். சோழர் காலம், 12-ம் நூற்றாண்டு வாக்கில் செய்தது. ஊர்? நாகப்பட்டினம்! அத்தானின் சொந்த ஊரும் நாகப்பட்டினம் பக்கம்தான். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நம்ம ஊர்க்காரர் மாப்ளே. பார், விசா கவலையே இல்லாம உக்காந்திருக்கார்."

சிரித்தேன். நல்ல ஜோக் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, சயன்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி மியூசியம். 1893 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய மாளிகை. உள்ளே ஒரு நிஜ நீர்மூழ்கிக் கப்பல் முழுசாக நிற்கிறது. பெயர் யூ-505. ஹிட்லரின் கடற்படையுடையது. 1944 ஜூன் 4-ம் தேதி ஆப்பிரிக்கக் கரையோரம் அமெரிக்கர்கள் பிடித்தார்கள். ஜெர்மன்காரர்கள் கப்பலை மூழ்கடிக்க ஏற்பாடு செய்துவிட்டுக் குதித்துவிட, இவர்கள் மூழ்கிக்கொண்டிருந்த கப்பலுக்குள் இறங்கி தண்ணீரை அடைத்திருக்கிறார்கள். நான் குழாய் ஒழுகினாலே பிளம்பரைக் கூப்பிடுகிற ஜாதி. 1954-ல் ஏரி வழியாகக் கொண்டுவந்து, ரோட்டைக் குறுக்கே கடந்து மியூசியத்தில் சேர்த்தார்களாம்.

கப்பலுக்குள் போய்ப் பார்க்கத் தனி டிக்கெட். அத்தான், "வெளியில நின்னு பார்த்தாலே போதுமே, உள்ள ஒரே இடுக்கு" என்றார். பையன் முகம் தொங்கியது. நான் எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினேன். 'அமெரிக்காவில் சம்பாதித்தும் கை நீள மாட்டேன் என்கிறதே' என்று மனசுக்குள் ஒரு வரி ஓடியது. அதை இப்போது வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

உள்ளே ஆட்களைவிடக் கட்டில்கள் குறைவு. ஒருத்தன் டியூட்டிக்கு எழுந்தால்தான் இன்னொருத்தன் படுக்கலாம். எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் திருவல்லிக்கேணி மேன்ஷனில் நாலு வருஷம் இருந்தவன்.

மதியம் பெஞ்சில் உட்கார்ந்து அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை. இரண்டு நாளும் அதேதான். "கேன்டீன்ல ஏதாவது வாங்கலாமே அத்தான்" என்றேன். "உங்க அக்கா கை ருசி வருமா?" என்றார். கல்யாணமான பத்து வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை ஃபீல்டு மியூசியம். இல்லினாய் மாநிலத்துக்காரர்களுக்குச் சில நாட்கள் இலவசம். அன்று அப்படியொரு நாள் என்பதை அத்தான் முந்தின ராத்திரியே கம்ப்யூட்டரில் பார்த்து வைத்திருந்தார். என் ஒருத்தனுக்கு மட்டும்தான் டிக்கெட்.

நடு ஹாலில் 122 அடி நீள டைனோசர் நிற்கிறது. அர்ஜென்டினாவில் கிடைத்த எலும்பின் அச்சு அது, நிஜ எலும்பு இல்லை. அசல் ராணி மாடியில் இருக்கிறாள். பெயர் சூ. ராணி என்று மரியாதைக்குத்தான் சொன்னேன். ஆணா பெண்ணா என்பது நிச்சயமில்லை. 6 கோடியே 70 லட்சம் வருஷப் பழசு, 40 அடி நீளம், டைரனோசரஸ் ரெக்ஸ். ஆபீசில் மேனேஜரைப் பார்த்தால் வருகிற அதே அடிவயிற்றுக் கலக்கம் வந்தது. அசல் மண்டையோடு ரொம்ப கனம் என்பதால் உடம்பில் மாட்டாமல் தனிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

பையன்தான் கைடு.

"மாமா, இதை எப்படிக் கண்டுபிடிச்சாங்க தெரியுமா? டயர் பங்க்சர் ஆச்சு!"

கதை நிஜம்தான். 1990 ஆகஸ்ட் 12. தெற்கு டகோட்டாவில் எலும்பு தேடிப் போன கோஷ்டியின் வண்டி டயரில் காற்று போய்விட்டது. மற்றவர்கள் டயரைச் சரி செய்ய டவுனுக்குப் போனார்கள். சூ ஹெண்ட்ரிக்சன் என்கிற அம்மாள் மட்டும் போகவில்லை. இதுவரை போய்ப் பார்க்காத அந்த மலைச்சரிவையாவது பார்ப்போமே என்று நடந்தார். மேலே அண்ணாந்தால் எலும்பு. அந்தப் பெயரையே ராணிக்கு வைத்துவிட்டார்கள். பிறகு எலும்பு யாருக்குச் சொந்தம் என்று வழக்கு, 1997-ல் ஏலம். சுமார் 83 லட்சத்து 60 ஆயிரம் டாலர். இதை நான் ரூபாயாக்கிப் பார்க்கவில்லை. எனக்கும் ஆரோக்கியம் முக்கியம்.

இந்த நேரத்தில் அத்தானின் செல்போன் அடித்தது. தூணோரம் போய்ப் பேசினார். "யெஸ்... ஐ அண்டர்ஸ்டாண்ட்... தேங்க்யூ." திரும்பி வந்தவர் முகத்தைப் பார்த்தேன். எங்கள் ஆபீசில் இன்க்ரிமென்ட் கட்டான அன்று கண்ணாடியில் நான் பார்த்த முகம்.

பையன் அந்தப் பக்கம் நகர்ந்ததும் கேட்டேன். "என்ன அத்தான்?"

"லீவு இல்ல மாப்ளே. வேலை போயிடுச்சு. இன்னியோட முப்பத்தெட்டு நாள். அறுபது நாளுக்குள்ள வேற கம்பெனி கிடைக்கணும். இல்லேன்னா விசா கதை முடிஞ்சுது, மூட்டை கட்டணும். இருபத்திரண்டு நாள் பாக்கி. இப்ப வந்தது ஏழாவது 'ஸாரி'."

"எனக்கு ஏன் சொல்லலே?"

"டிக்கெட் எடுத்தாச்சு. நீ ஆசையா வர்றே. ஊர்ல உங்க அம்மாவுக்குத் தெரிஞ்சா சாப்பிட மாட்டாங்க. அவனுக்கும் தெரியாது." பையனைக் காட்டினார். "லிஸ்ட் போட்டு வச்சிருந்தான். அதையாவது முடிச்சுடலாம்னு..."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. புளியோதரையும், புத்தரும், நீர்மூழ்கி டிக்கெட்டும் வரிசையாக வந்து என்னைக் கன்னத்தில் அறைந்துவிட்டுப் போயின.

பையன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இழுத்தான். "அப்பா, இங்க பாருங்க. சூவோட விலா எலும்பு உடைஞ்சிருக்கு. ஆனா உயிரோட இருக்கும்போதே ஒட்டிக்கிச்சாம்! இங்க பாருங்க, தடிப்பா இருக்கு."

அத்தான் குனிந்து பார்த்தார். முறிந்து, சேர்ந்து, முடிச்சுப் போட்ட மாதிரி மேடு தட்டியிருந்தது. அடிபட்ட பிறகும் வேட்டையாடி, சாப்பிட்டு, நடமாடியிருக்கிறது.

"நம்ம வண்டியும் பங்க்சர்தான் மாப்ளே" என்றார் அத்தான். லேசாகச் சிரித்தார்.

"அப்ப மலைப் பக்கம் நடந்து பாருங்க அத்தான்" என்றேன். ஏதோ சொல்ல வேண்டும் என்று சொன்னதுதான்.

லிஸ்டில் கடைசி, லிங்கன் பார்க் உயிர் காலேஜ். 1868-ல் நியூயார்க்கிலிருந்து வந்த இரண்டு ஜோடி அன்னங்களோடு ஆரம்பித்தது. வருஷம் முழுக்க எல்லோருக்கும் இலவசம். அன்றைக்கு மொத்தச் செலவும் என்னுடையது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனேன். மூன்று ஐஸ்க்ரீம் வாங்கினேன். ரூபாயாக்கிப் பார்க்கவில்லை. வியாதி குணமாகிவிட்டது என்று நினைக்கிறேன்.

திரும்பி வந்ததும் அம்மா கேட்டாள். "அத்தானுக்கு ஆபீஸெல்லாம் எப்படி இருக்கு?"

"ஊரையே சுத்திக் காட்டினார்மா" என்றேன். பொய் இல்லை.

நேற்று ராத்திரி போன் செய்தேன். ஐம்பத்தோராவது நாள். பழைய லைனில் கிடைக்காததால், இதுவரை எட்டிப் பார்க்காத வேறு மாதிரி வேலைக்கு அப்ளை செய்தாராம். ஒரு இடத்தில் இரண்டு இன்டர்வியூ முடிந்து மூன்றாவதுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

"மலைப் பக்கம் நடந்துக்கிட்டிருக்கேன் மாப்ளே."

"எலும்பு தெரியுதா?"

"அண்ணாந்து பார்த்துக்கிட்டே இருக்கேன்."

அடுத்த வாரம் இந்தப் பக்கத்தில் நான் வேறு எதையாவது எழுதியிருந்தாலும், கடைசி வரியைப் பாருங்கள். சேதி இருந்தால் அங்கே போடுகிறேன்.