பல்லு வலிக்கு எதுக்கு வருமானச் சான்று?

போன மாசம் எங்க வயல்ல கடலைப் பறிப்பு. ஆள் கிடைக்கிறதே பெரும்பாடா இருந்த நேரம். அப்பப் பார்த்து வீட்டுக்காரம்மாவுக்குக் கடவாய்ப் பல்லு வலி. முதல் நாள் கிராம்பை வச்சுக் கடிச்சாங்க. ரெண்டாம் நாள் உப்புத் தண்ணி கொப்பளிச்சாங்க. மூணாம் நாள் கன்னம் வீங்கிக் கஞ்சிகூடக் குடிக்க முடியல. டவுன்ல ஒரு தனியார் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்.

படம் எடுத்துப் பார்த்தார். "ரூட் கெனால் பண்ணி கேப் போட்டா பல்லைக் காப்பாத்திடலாம். ஒம்பதாயிரம் ஆகும், மூணு நாலு தடவை வரணும். இல்லேன்னா எடுத்துடலாம், ஐநூறு ரூபா" என்றார். நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவங்களே சொல்லிட்டாங்க, "எடுத்துருங்க சார்."

ஒம்பதாயிரம்னா எங்க வயல்ல முப்பது ஆளுக்குக் கூலி. அந்தக் கணக்கு என்னைவிட அவங்களுக்கு வேகமா வந்துருச்சு. டாக்டர் மேல குறை இல்லை, அவர் செலவு அவருக்கு. ஆனா பஸ்ல திரும்பி வரும்போது பஞ்சைக் கடிச்சுக்கிட்டு ஜன்னல் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவங்க முகத்தை எனக்கு மறக்க முடியல. காப்பாத்தக்கூடிய பல்லு அது.

உங்கள்ல சில பேர் கேப்பீங்க: "முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்குமே?" இருக்கு. குடும்பத்துக்கு வருஷம் அஞ்சு லட்சம் வரைக்கும் சிகிச்சை. நல்ல திட்டம்தான், நான் பழிச்சுப் பேச மாட்டேன். எங்க தெருவுலேயே ரெண்டு பேர் இதய ஆபரேஷன் பண்ணி இன்னைக்கு நடமாடுறாங்கன்னா அந்த அட்டையாலதான். ஆனா அது பெரிய நோவுக்கு உள்ள அட்டை. தாடை எலும்பு உடைஞ்சா செல்லும், வாய்ல புற்றுநோய் வந்தா செல்லும். சொத்தைப் பல்லை அடைக்க, ரூட் கெனால் பண்ண, வயசானவங்களுக்குப் பல்செட் கட்ட, செல்லாது. வீடு இடிஞ்சு விழுந்தா காசு தருவோம், ஓடு மாத்தத் தரமாட்டோம்ங்கற மாதிரி.

சரி, நாளைக்கே பல்லையும் அந்தப் பட்டியல்ல சேர்த்துட்டாங்கன்னு வச்சுக்குவோம். அப்பவும் ஒரு கேள்வி நிக்கும்: யாருக்கு? இன்னைக்கு நான் சொல்ல வந்தது அதைத்தான்.

அந்த அட்டை வாங்க, குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கணும். மாசம் பத்தாயிரம். விஏஓகிட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மையத்துக்குப் போகணும்.

எங்க பங்காளி ஒருத்தர் கொத்தனார். நாள் கூலி 900. மழை, விசேஷம், வேலை இல்லாத நாள் எல்லாம் போக மாசம் இருபது நாள் வேலைன்னு வச்சாலும் 18,000. வருஷத்துக்கு 2,16,000. கோட்டைத் தாண்டிட்டார். கூடவே மகன் விராலிமலை பக்கம் ஒரு கம்பெனியில சேர்ந்து மாசச் சம்பளம் வாங்குறான். அந்தச் சம்பளச் சீட்டு ஒண்ணு போதும், குடும்பமே கோட்டுக்கு அந்தப் பக்கம். அதே ஊர்ல வட்டிக்கு விடுறவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. அவர் சொல்றதுதான் அவர் வருமானம். இப்படி ஒரு கோடு போட்டா, சீட்டு வச்சிருக்கிற ஏழை வெளியே நிப்பான், சீட்டு இல்லாத பணக்காரன் உள்ளே போயிருவான். பங்காளிக்கு முன்பல்லு ரெண்டு ஆடுது. சிரிக்கும்போது துண்டை எடுத்து வாயை மூடிக்கிறார்.

என் கதை இன்னொரு விதம். மானாவாரி விவசாயிக்கு 'ஆண்டு வருமானம்'னு ஒண்ணு இருக்கா? மழை பெஞ்சு கடலைக்கு விலையும் இருந்தா ஒரு வருஷம் கோட்டைத் தாண்டுவேன். அடுத்த வருஷம் கண்மாய் நிறையலேன்னா கையில இருந்து போட்ட விதைக் காசுகூடத் திரும்பாது. எந்த வருஷத்தை எழுதுறது? "குறைச்சே எழுதுங்க" என்பதுதான் ஊர்ல எல்லாரும் சொல்ற யோசனை. நேர்மையா இருக்க நினைக்கிறவனையும் பொய் எழுத வைக்கிற விதி நல்ல விதியா?

இன்னொரு வேடிக்கை பாருங்க. மகளிர் உரிமைத் தொகை 2023-ல வந்துச்சு. அதுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருக்கணும். ஆக எங்க பங்காளியின் கூலிக்கு உரிமைத் தொகைக் கணக்குல அவர் வீடு ஏழை வீடு, காப்பீட்டுக் கணக்குல அப்படி இல்லை. மத்திய அரசோட 10 சதவீத இடஒதுக்கீட்டுக்கோ எட்டு லட்சத்துக்குக் கீழே இருந்தா பொருளாதாரத்துல நலிந்தவர். ஒரே நாட்டுல, ஒரே வருஷத்துல ஏழைக்கு மூணு அளவு. எங்க ஊர் சந்தையில மூணு விதமான படி வச்சு அளந்தா சும்மா விடுவாங்களா?

2012-ல காப்பீட்டுத் திட்டம் இந்தப் பேர்ல தொடங்கினப்ப கோடு 72,000. 2022-லதான் 1,20,000 ஆச்சு. இந்தப் பத்து வருஷத்துல நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டுல நாள் கூலி 132-ல இருந்து 281 ஆயிருச்சு, ரெண்டு மடங்குக்கும் மேலே. கோடு ரெண்டு மடங்குகூட ஏறல. அப்படின்னா வருஷா வருஷம் ஏழை வசதியாகாமலேயே கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்டிருக்கான்னுதானே அர்த்தம்?

"அப்ப எல்லாருக்கும் கொடுக்கச் சொல்றீங்களா, காசு எங்கே இருக்கு?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா நம்ம தமிழ்நாட்டுக்குக் கோடு இல்லாமச் செஞ்சு பழக்கம் உண்டு. ரேஷன் கடையில அரிசி கார்டு இருக்கிறவங்ககிட்ட வருமானச் சான்று கேக்கறதில்லை. 2021-ல இருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்க காசில்லாமப் போறாங்க, கண்டக்டர் யாரையும் "உன் புருஷன் சம்பளம் என்ன?"ன்னு கேக்கறதில்லை. அரசு ஆஸ்பத்திரியில சீட்டு போடுறப்பவும் அப்படித்தான். வசதி இருக்கிறவங்க அந்த வரிசைக்கு வர்றதும் குறைவு. வரிசையே அவங்களை வடிகட்டிருது, தனியா ஒரு சான்று எதுக்கு?

புதுக்கோட்டையிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி 2023-ல வந்துருச்சு. பெருமையான விஷயம். "அங்கே போயிருக்கலாமே"ன்னு நீங்க கேட்டா, ஆமா, என் தப்பும் இருக்கு. வீட்டுக்காரம்மாகிட்ட கேட்டேன். "பஸ்சுக்குக் காசு இல்லதான், அதுக்காகப் பறிப்பு நேரத்துல நாலு நாளை யார் தருவா?"ன்னாங்க. இலுப்பூர் பக்கத்துக் கிராமத்துல இருந்து புதுக்கோட்டை போய் வரிசையில நின்னு திரும்பி வந்தா ஒரு நாள் போச்சு. அந்த வேலையெல்லாம் முழுசா இலுப்பூர் ஆஸ்பத்திரியிலேயே நடந்தா அந்தப் பல்லு இன்னைக்கு வாய்ல இருந்திருக்கும்.

டொரண்டோவுல இருக்கிற ஒரு தம்பி இந்த வலைப்பூவை வாசிக்கிறவர். போன்ல பேசும்போது கனடா கணக்கைச் சொன்னார். அங்கே அரசாங்கம் 2023 கடைசியில பல்லுக்குன்னே ஒரு திட்டம் ஆரம்பிச்சுது. வேற பல் காப்பீடு இல்லாத குடும்பத்துக்கு. அவங்க டாலர்ல வருஷ வருமானம் 70,000-க்குக் கீழே இருந்தா திட்டம் வச்சிருக்கிற கட்டணத்துல நம்ம பங்கு ஒண்ணும் இல்லை. 70,000-ல இருந்து 80,000-க்குள்ள இருந்தா 40 சதவீதம் நாம கட்டணும். 80,000-ல இருந்து 90,000-க்குள்ள 60 சதவீதம். அதுக்கு மேலே கிடையாது. அங்கேயும் கடைசியில ஒரு வரப்பு இருக்குதான். ஆனா படி படியா இறங்குது. ஒரு ரூபா கூடச் சம்பாதிச்சான்னு ஒருத்தனை மொத்தமாத் தள்ளி விடறதில்லை.

வயல்ல தண்ணி பாய்ச்சறவனுக்கு இது புரியும். மேட்டுல நிக்கிற பயிருக்கும் கொஞ்சம் தண்ணி வேணும், பள்ளத்துக்குக் கூட வேணும். வாய்க்கா மடையை முழுசா அடைக்கிறதும் முழுசாத் திறக்கிறதும் மட்டுமே தெரிஞ்சவன் விவசாயி இல்லை.

நான் கேக்கிறது மூணுதான். பல்லை அடைக்கிறது, ரூட் கெனால், வயசானவங்களுக்குப் பல்செட், இது மூணையும் காப்பீட்டுல சேருங்க. 1,20,000-க்குள்ள முழுசும் இலவசம், இரண்டரை லட்சம் வரைக்கும் பாதிச் செலவு நாங்க கட்டுறோம்னு படி வையுங்க. கூலி ஏறும்போது கோடும் தானா ஏறணும், பத்து வருஷம் காத்திருக்க வைக்காதீங்க.

பட்டணத்துல இருக்கிற நீங்க ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பல்லைக் காட்டிக்கச் சொல்லி உங்க பிள்ளைங்களுக்குச் சொல்லுவீங்க. நல்லது. இங்கே வலி தாங்க முடியாதபோதுதான் போறோம், போனா பிடுங்கிக்கிட்டு வர்றோம்.

புதுக்கடலையை நேத்து அவிச்சோம். வீட்டுக்காரம்மா இடது பக்கமாவே மென்னு தின்னாங்க. "இந்த வருஷம் பருப்பு நல்லா இருக்குங்க"ன்னாங்க. நான் ஒண்ணும் சொல்லல.