சேவை என்னும் அட்வான்ஸ்

செஞ்சிப் பக்கத்தில் ஒரு செங்கல் சூளையிலிருந்து மூன்று இருளர் குடும்பங்களை மீட்டு, விடுதலைச் சான்றிதழுக்காகக் கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் காத்திருந்தோம். பிள்ளைகளுக்கு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்துவிட்டு, நான் ஒவ்வொரு குடும்பமாக விவரம் எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வருஷம் சூளைக்கு வந்தீங்க, அட்வான்ஸ் எவ்வளவு, வாரத்துக்கு என்ன குடுத்தாங்க, அதுல கழிச்சது எவ்வளவு. எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்ன பாட்டி ஒருவர், கடைசியில் என்னிடம் கேட்டார்.

"உனக்கு எவ்ளோ பாப்பா குடுக்குறாங்க?"

"ஒன்பதாயிரம் பாட்டி. பெட்ரோலுக்குத் தனியா ஐந்நூறு."

பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அட்வான்ஸ் எதுனா வாங்கிட்டியா?" என்றார்.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. படித்த பெண் ஒருத்தி காலையிலிருந்து பட்டினியாக, இவ்வளவு குறைந்த காசுக்கு, அதிகாரிகளிடம் திட்டு வாங்கிக்கொண்டு ஓர் இடத்தில் நிற்கிறாள் என்றால், அதற்கு அவர் அனுபவத்தில் ஒரே காரணம்தான் இருக்க முடியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொத்தடிமையின் துயரத்தோடு என் சம்பளத்தை ஒப்பிடவில்லை. நான் எப்போது வேண்டுமானாலும் ராஜினாமா செய்யலாம், செய்தும்விட்டேன். என்னை யாரும் லாரியில் தேடி வரவில்லை. ஆனால் பாட்டியின் கேள்வி சரியான கேள்வி. நானும் ஓர் அட்வான்ஸ் வாங்கியிருந்தேன். அதன் பெயர் சேவை. எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்த முதல் நாளே அதைக் கையில் கொடுத்தார்கள். "உனக்கு நல்ல மனசும்மா" என்று சொந்தக்காரர்கள் கொடுத்தார்கள். "இதெல்லாம் எல்லாராலயும் முடியாது" என்று நண்பர்கள் கொடுத்தார்கள். ஏழு வருஷம் மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து அதைக் கழித்துக்கொண்டே இருந்தார்கள்.

சமூகப் பணியாளரின் சம்பளத்தைத் தீர்மானிப்பது எது என்று கேட்டால், வேலைவாய்ப்பு வழிகாட்டிகள் ஒரு பட்டியல் தருவார்கள்: படிப்பு, அனுபவம், ஊர், நிறுவனத்தின் அளவு. பொய்யில்லை. சென்னையில் கிடைப்பது செஞ்சியில் கிடைக்காது. பெரிய மருத்துவமனையில் கிடைப்பது சின்ன அறக்கட்டளையில் கிடைக்காது. ஆனால் இந்தப் பட்டியலுக்கெல்லாம் மேலே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது, உங்களுக்குக் கொடுக்கப்படும் பணத்துக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது.

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளுக்கு ஆள் எடுக்கும் அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். சமூகப் பணியாளர் 18,536 ரூபாய். ஆற்றுப்படுத்துநர் 18,536. புறத்தொடர்புப் பணியாளர் 10,592. அதென்ன 536, 592 என்று நான் ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். யாரோ விஞ்ஞானபூர்வமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல என்றுகூட நினைத்தேன். கணக்கு எளிமையானது. பழைய ஐ.சி.பி.எஸ். திட்டத்தில் இதே பதவிகளுக்கு 14,000, 8,000 என்று இருந்தது. 2022-இல் மிஷன் வாத்சல்யா வந்தபோது எல்லாத் தொகையையும் ஒரே மாதிரி 32.4 விழுக்காடு ஏற்றினார்கள். பெருக்கிப் பாருங்கள், பைசா பிசகாமல் வரும். வேலை என்ன, பொறுப்பு என்ன, ஒரு மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் என்ற கேள்விக்கெல்லாம் அந்தப் பெருக்கலில் இடமில்லை. போட்டது தொகுப்பூதியம். அகவிலைப்படி கிடையாது, ஆண்டு ஊதிய உயர்வு கிடையாது. அடுத்த பெருக்கல் வரும்வரை அப்படியே நிற்கும்.

18,536-ஐ 26 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 713 ரூபாய். செஞ்சியில் கொத்தனார் இதைவிட அதிகம் வாங்குகிறார், வாங்கட்டும், வெயிலில் நிற்கிறார். 10,592-ஐ வகுத்தால் 407. நூறுநாள் வேலைக்கு 2025-26-இல் அறிவிக்கப்பட்ட கூலி 336. இரண்டுக்கும் நடுவே 71 ரூபாய். புறத்தொடர்புப் பணியாளர் தன் வண்டியில் செஞ்சியிலிருந்து விழுப்புரம் போய்த் திரும்பினால் ஏறக்குறைய எண்பது கிலோமீட்டர். அந்த 71 ரூபாய் டேங்கில் போய்விடும்.

தமிழ்நாடு அரசு அலுவலக உதவியாளருக்கு அடிப்படை ஊதியம் 15,700-இல் தொடங்குகிறது. அதன்மேல் பாதிக்கும் அதிகமான அகவிலைப்படி. எட்டாம் வகுப்புத் தகுதி போதும். அவருக்கு அது அதிகம் என்று நான் சொல்லவே மாட்டேன், அதுதான் நியாயமான அடித்தளம். என் கேள்வி, முதுகலை படித்துவிட்டு, பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தையோடு நீதிமன்றப் படியேறுகிறவர் ஏன் அந்த அடித்தளத்துக்கும் கீழே நிற்கிறார் என்பதுதான்.

பெயர்தான் காரணம். மதிப்பூதியம், தொகுப்பூதியம், ஊக்கத்தொகை. ஊதியம் என்ற சொல்லை நேராகச் சொல்லாமல் இருக்கத்தான் தமிழில் எத்தனை சொற்கள்! 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தில் வேலை செய்கிறவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்ல என்று 2006-இல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013-இல் 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு, இப்படித் திட்டங்களில் வேலை செய்வோரைத் தொழிலாளர்களாக அங்கீகரித்துக் குறைந்தபட்ச ஊதியம் கொடுங்கள் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை கோப்பிலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் மணிபென் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்றது. மதிப்பூதியம் என்று எழுதினாலும் பணிக்கொடைச் சட்டத்தின்படி அது ஊதியம்தான் என்பது தீர்ப்பின் சாரம். ஒரு சொல்லைச் சரியாக வாசிக்க இந்த நாட்டுக்கு 47 வருஷம் ஆகியிருக்கிறது.

நம்ம மாவட்டத்துக்கே வருவோம். இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தை 2021 அக்டோபரில் முதலமைச்சர் தொடங்கி வைத்தது மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில். கொரோனாவில் எழுத்தே மறந்துபோன பிள்ளைகளை மீட்டது அந்தத் தன்னார்வலர்கள்தான். பெரும்பாலும் இளம்பெண்கள். மாதம் 1,000 ரூபாய். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் 2024-இல் ஐ.நா. பணிக்குழுவின் விருதை வாங்கியது. வீடுவீடாகச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துவரும் பெண்களும் அதில் தன்னார்வலர்கள்தான். 4,500 ரூபாயில் தொடங்கி 5,500 ஆனது. இரண்டும் நல்ல திட்டங்கள். அதனாலதான் கோபம் வருது. விருது வாங்குற அளவுக்கு வேலை நடக்குதுன்னா அது வேலை. வேலைக்குத் தன்னார்வம்னு பேர் வெச்சா பாதிச் சம்பளம் மிச்சம்.

பெரும்பாலும் பெண்கள் என்றேனே, அது தற்செயல் இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொள்வது, நோயாளியை விசாரிப்பது, அழுகிறவளோடு உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் வீட்டில் காசில்லாமல் நடப்பவை. வீதிக்கு வந்தாலும் அதே விலைதான் என்று சமூகம் முடிவு செய்துவிட்டது.

அரசு மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நன்கொடையாளர்களின் உலகத்தில் களப்பணியாளரின் சம்பளம் 'நிர்வாகச் செலவு' என்ற சந்தேகக் கூண்டில் நிற்கிறது. 2020-இல் வெளிநாட்டு நிதிச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20-ஆகக் குறைந்தது. எது நிர்வாகச் செலவில் சேராது என்று விளக்கும் விதி, மருத்துவமனை மருத்துவரின் சம்பளத்தையும் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுவிட்டு 'முதலானவை' என்று முடிகிறது. நாங்கள் அந்த 'முதலானவை'யில் இருக்கிறோம். இருக்கிறோமா இல்லையா என்பதை ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். பயந்த நிறுவனங்கள் முதலில் கைவைப்பது எங்கள் வரியில்தான். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்துக்கும் நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு உண்டு. பெஞ்சு வாங்கினால் திட்டம், பெஞ்சில் பிள்ளையைக் கொண்டுவந்து உட்கார வைப்பவருக்குக் கொடுத்தால் செலவு என்பதுதான் நடைமுறை மனநிலை.

இன்னொரு ரகசியம் சொல்கிறேன், இத்துறையில் இருப்பவர்களுக்கு இது ரகசியமே இல்லை. சம்பளம் களத்திலிருந்து எவ்வளவு தூரம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மேல்மலையனூர் பக்கம் சேற்றில் வண்டி தள்ளுகிறவருக்கு ஒன்பதாயிரம். அவர் தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் அறிக்கையாக மாற்றுகிறவருக்கு முப்பதாயிரம். அந்த அறிக்கையை டெல்லியில் படம் போட்டுக் காட்டுகிறவருக்கு எவ்வளவு என்று நீங்களே யூகிக்கலாம். அறிக்கை தேவைதான். ஆனால் இருளர் பாட்டி ஒருவரைப் பேசவைப்பது அறிக்கை எழுதுவதைவிடச் சுலபமான வேலை என்று யார் முடிவு செய்தது?

"அப்போ காசுக்காகத்தான் வந்தியா?" என்று இந்த இடத்தில் ஒருவர் கேட்பார். எப்போதும் கேட்பார்.

செஞ்சிக்காரர்களுக்குத் தியாகம் பிடிக்கும். 1714-இல், தோற்போம் என்று தெரிந்தே ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்துக் குதிரையேறிச் செத்த இளைஞன் தேசிங்குதான் இன்றைக்கும் எங்க ஊர் நாயகன். சின்ன வயதில் அந்தக் கதை கேட்டு நானும் அழுதிருக்கிறேன். ஆனால் 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த அதே கோட்டையில், ராஜகிரி அடிவாரத்தில், பிரம்மாண்டமான களஞ்சியம் ஒன்று நிற்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் உள்ளே போய்க் கத்தி எதிரொலி கேட்டுவிட்டு வருவார்கள். கோட்டை கட்டியவர்களுக்கு, உள்ளே இருப்பவனுக்குச் சோறு போட வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

சம்பளம் வாங்காமல் சேவை செய்த பெரியவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் பின்னால் வேறொரு வருமானம் இருந்தது. 1952-இல் சென்னை சமூகப் பணிக் கல்லூரியைத் தோற்றுவித்த மேரி கிளப்வாலா ஜாதவ் வசதியான பார்சிக் குடும்பத்தவர். திண்டிவனத்தில் இருளர்களுக்காகப் பல பத்தாண்டுகள் போராடிவரும் பிரபா கல்விமணி அரசுக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். அவர்கள் மீது எனக்கு இருக்கும் மரியாதை குறையாது. ஆனால் இன்று எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவர்கள் பெரும்பாலும் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அப்பா கூலி, அம்மா நூறுநாள் வேலை, கல்விக் கடன் பாக்கி. வசதியானவர்கள் ஏற்படுத்திய அளவுகோலை வைத்து இவர்களிடம் தியாகம் கேட்பது திருட்டு.

"சம்பளத்தை ஏத்துனா தப்பான ஆளுங்க வந்துடுவாங்க" என்பது அடுத்த வாதம். நீதிபதிக்கும் மருத்துவருக்கும் இதைச் சொல்வீர்களா? இப்போது மட்டும் என்ன, ஃப்ளெக்ஸ் பேனரில் பெயருக்கு முன்னால் 'சமூக சேவகர்' போட்டுக்கொள்ளாத வட்டச் செயலாளர் யாராவது உண்டா? இங்கிலாந்தில் 2005-லிருந்து பதிவு செய்தவர் தவிர வேறு யாரும் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. இங்கே யார் வேண்டுமானாலும் சொல்லலாம். அதனால்தான் அந்தச் சொல்லுக்கு விலை இல்லை.

"என்.ஜி.ஓ.க்காரன் எல்லாம் காரில் போறான்" என்பவர்களுக்கு: சிலர் போகிறார்கள். அந்தக் காரின் தவணை எங்கிருந்து வருகிறது என்று எங்களையும் கேட்க விடுங்கள்.

குறைந்த சம்பளத்தின் நிஜமான விலையை நாங்கள் கொடுக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு தகவல் வந்து தடுத்தோம். அவள் என்னிடம் பேச ஆரம்பிக்கவே ஐந்து மாதம் ஆனது. மாமா வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்பதை எட்டாவது மாதம்தான் சொன்னாள். ஒரு வருஷம் கழித்து நான் வேலையை விட்டேன். செஞ்சியிலேயே ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் பதினேழாயிரம், பி.எஃப். உண்டு. ஆமாம், அட்வான்ஸ் கொடுக்கிற வேலைக்குப் போய்விட்டேன். எனக்குப் பின்னால் வந்தவர் ஆறு மாதத்தில் போனார். அடுத்தவர் நான்கே மாதம். ஒரு நாள் அந்தப் பெண் போன் செய்தாள்.

"அக்கா, இன்னொரு புது அக்கா வந்திருக்காங்க. அவங்ககிட்டயும் முதல்லேர்ந்து சொல்லணுமாக்கா?"

என்னிடம் பதில் இல்லை. அவள் யாரிடமும் மறுபடி சொல்லவில்லை. அடுத்த தையில் கல்யாணம் முடிந்துவிட்டது.

மாற்ற முடியாதது இல்லை இது. சத்துணவுத் திட்டம் 1982-இல் தொடங்கியது. இன்று சத்துணவு அமைப்பாளருக்குச் சிறப்புக் காலமுறை ஊதியம், 7,700 முதல் 24,200 வரை. சிறிய தொகைதான், அவர்கள் இன்னமும் போராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஊதியம் என்று பெயர் இருக்கிறது, அகவிலைப்படி இருக்கிறது. யாரும் மனமிரங்கிக் கொடுத்ததில்லை. சங்கம் வைத்தார்கள், சாலையில் உட்கார்ந்தார்கள். கேரளத்தில் ஆஷா பணியாளர்கள் 2025 பிப்ரவரியில் தலைமைச் செயலகம் முன் உட்கார்ந்து 7,000-ஐ 21,000 ஆக்கு என்று மாதக்கணக்கில் எழாமல் இருந்தார்கள். முதுகலை படித்த நாங்கள் மட்டும்தான் சங்கம் என்றால் சங்கடப்படுகிறோம். ஊருக்கெல்லாம் உரிமை பற்றி வகுப்பெடுப்போம், சொந்தச் சம்பளத்தைப் பற்றிப் பேசினால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அட்வான்ஸ் வாங்கிவிட்டோமே.

எனவே மூன்று விஷயம். அரசிடம்: தொகுப்பூதியத்தை எடுத்துவிட்டுக் காலமுறை ஊதியம் கொடுங்கள், வழி சத்துணவில் இருக்கிறது. நன்கொடை கொடுப்பவர்களிடம்: எத்தனை பேர் பயனடைந்தார்கள் என்று கேட்கும்போதே, அந்த வீட்டுக்கு நேரில் போனவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அவர் எத்தனை வருஷமாக இருக்கிறார் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் இடத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, இதை வாசிக்கும் எம்.எஸ்.டபிள்யூ. தம்பி தங்கைகளுக்கு. ஆட்சியர் அலுவலகப் பலகையில் அறிவிப்பு மறுபடியும் ஒட்டுவார்கள், நீங்களும் விண்ணப்பிப்பீர்கள். விண்ணப்பியுங்கள், அந்த வேலைக்கு நல்ல ஆட்கள் தேவை. ஆனால் சேர்ந்த முதல் நாளே பக்கத்துத் தாலுகாவில் இதே வேலை செய்கிற நான்கு பேரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கு எவ்வளவு என்று வெட்கப்படாமல் ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். அந்த வராந்தாவில் பாட்டி என்னிடம் கேட்ட மாதிரி.